ஆங்கிலத்தில் பெண் கேட்டேன்

ஒரு நாளைக்கு நூறு பேரிடமாவது கேள்வி கேட்கிறவள் நான். சங்கரன்கோவிலில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற மேஜை என்னுடையது. பதினெட்டு வருடமாக அதே மேஜை, ஒரு கால் ஆடுகிற அதே ஸ்டூல். பேரு என்ன, எந்த ஊரு, வயசு என்ன, என்ன செய்யுது. இந்த நாலு கேள்விதான். முதல் மூன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் வந்துவிடும். நாலாவதில்தான் வம்பு.

பனவடலிசத்திரத்திலிருந்து வந்தவர், "முந்தாநேத்து மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போனேம்லா" என்று ஆரம்பிப்பார். அவருக்குப் பின்னால் முப்பது பேர் நிற்பார்கள். "விசேஷம் நல்லபடியா முடிஞ்சுதா அண்ணாச்சி, சந்தோஷம். இப்ப காய்ச்சலா, வயித்துப்போக்கா, அதைச் சொல்லும்" என்று நான் வெட்டுவேன். அவரும் கோபப்படாமல், "போக்குதான்" என்பார். அந்தம்மா கொஞ்சம் கடுசு என்று ஊருக்குள் எனக்குப் பெயர். கடுசுதான். அந்த மேஜையில் தேன் ஒழுகப் பேசினால் ராத்திரி பதினோரு மணிக்குக்கூட வீடு போய்ச் சேர முடியாது.

அப்படிப்பட்ட நான் ஐம்பத்து மூன்றாவது வயதில், ஒருவரிடம் மரியாதையாகக் கேள்வி கேட்பது எப்படி என்று படிக்கப் போனேன். அதுவும் ஆங்கிலத்தில். எல்லாம் என் மகனால் வந்தது.

மகனுக்குப் பெங்களூரில் வேலை. தீபாவளிக்கு வந்திருந்தவன், நான் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது அடுப்படியில் வந்து நின்று, கூட வேலை பார்க்கிற ஒரு பிள்ளையைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னான். பிள்ளைக்கு ஒடிசா.

"ஏலே, ஒடிசா எங்கன கெடக்கு?" என்று கேட்டேன். அவன் போனை எடுத்து மேப்பில் காட்டினான். நான் பார்க்கவில்லை. இரண்டு நாள் அவனோடு பேசவும் இல்லை. அவனுக்கு மட்டும் தோசையைச் சட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் எறிந்தேன். மூன்றாம் நாள் ஊருக்குக் கிளம்பும்போது பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவன் முகத்தைப் பார்த்தேன். அவன் அப்பாவைப் போல் அதிகம் வாய் திறக்காத பிள்ளை. முப்பத்தொரு வயதில் முதல் தடவையாக ஒன்றை வேண்டும் என்று கேட்டிருக்கிறான். "பொங்கலுக்கு அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வா, பாப்போம்" என்று சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு வந்தது. இரண்டு நாள் இருந்தது. 'அம்மா, போதும்', 'அம்மா, இன்னும் ஒண்ணு' என்று இரண்டே தமிழ் வாக்கியம் தெரியும். அதை வைத்தே என் வீட்டில் எட்டு இட்லி சாப்பிட்டது. வாசலில் நான் கோலம் போடும்போது பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, புள்ளி தப்பினால் விரலால் தொட்டுக் காட்டியது. எனக்குப் பிடித்துப்போயிற்று. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆனால் அங்கே சிக்கல் இருந்தது. அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு இந்தப் பேச்சே ஆகவில்லை. ஒற்றைப் பிள்ளையை இவ்வளவு தூரத்துக்குக் கொடுப்பதா என்று புவனேஸ்வரில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். சித்திரை முடிவதற்குள் அந்த வீட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பெற்றவர்கள் மனது வைக்காமல் கட்டமாட்டேன் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. அவர்கள் சம்மதிக்காவிட்டால் அவரவர் வழியில் பிரிந்துவிடுவது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். இதை என் மகன் போனில் சொல்லும்போது நடுவில் குரல் உடைந்து, "ஒரு நிமிஷம்மா" என்று போனை வைத்துவிட்டான். ஒரு நிமிஷம் அரை மணி நேரம் ஆயிற்று.

அவர்கள் வீட்டில் கொஞ்சம் இளகியவர் அம்மாதான். அவரும் ஒரு நிபந்தனை போட்டார். பையனின் அம்மாவோடு தானே நேராகப் பேச வேண்டும், பிள்ளைகள் நடுவில் நின்று மொழிபெயர்க்கக் கூடாது, நடுவில் நிற்பவர்கள் நல்லதை மட்டும் எடுத்துச் சொல்வார்கள் என்றாராம். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் எந்தப் பாஷையில் பேச? எனக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது இங்கிலீஷ் ஒன்றுதான். நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது. கிளினிக்கில் புழங்கிப் புழங்கி சுகர், பிபி, ஸ்கேன், ஃபாஸ்டிங் என்று ஐம்பது சொல் வரும். அதை வைத்துச் சம்பந்தம் பேச முடியுமா?

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை கிளினிக் அடைப்பு. ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. போய்ச் சேர்ந்தேன். டீச்சர் வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பிள்ளை. இருபத்தாறு வயதிருக்கும். என்னோடு படித்தவர்கள் ஆறு பேர். கல்லூரிப் பிள்ளைகள், பேங்க் பரீட்சை எழுதுகிறவர்கள், வெளியூருக்குப் பூ அனுப்புகிற வியாபாரி ஒருவர். எனக்கு என்ன வேண்டும் என்று டீச்சர் கேட்டது. "கேள்வி கேக்கணும் டீச்சர். மரியாதையா. பொண்ணு வீட்டுல பேசணும்" என்றேன். அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டது.

"'வாட் இஸ் யுவர் நேம்'னு மொட்டையா கேக்கக் கூடாது ஆன்ட்டி. 'மே ஐ நோ யுவர் நேம், ப்ளீஸ்?' அப்படிக் கேக்கணும். உங்க பேரை நான் தெரிஞ்சுக்கிடலாமான்னு அனுமதி கேக்கீங்க."

"பேரு கேக்கதுக்கே அனுமதியா? இவ்வளவு நீட்டினா பின்னால வரிசையில நிக்கவன் என்ன ஆவான்?"

"இது உங்க டோக்கன் இல்ல ஆன்ட்டி."

அப்படியே மே ஐ, குட் யூ, வுட் யூ மைண்ட் என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டேன். வீட்டில் நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் பின்கட்டில் நான்கு விசைத்தறி ஓட்டுகிறார். தறிச் சத்தத்தில் நான் என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்காது. அது எனக்கு வசதியாக இருந்தது.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டு மாதிரி நடித்துக் காட்ட வேண்டும் என்றது டீச்சர். பூ வியாபாரி பயணி. பையோடு நிற்பார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய், 'நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று நான் தெரிந்துகொள்ளலாமா' என்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். வாக்கியம் போர்டில் எழுதியே இருந்தது. நான்தான் முதலில் போனேன். வாயைத் திறந்தேன், வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி நிற்கிற மனுசனிடம் எங்கே போகிறீர் என்று எப்படிக் கேட்பது? கேட்டால் போகிற காரியம் விளங்குமா? எங்கள் பக்கம் யாரும் கேட்கமாட்டார்கள். தூரமா என்றுதான் கேட்பார்கள். என் வாயில் தானாக, "எக்ஸ்க்யூஸ் மீ, இஸ் இட் ஃபார்?" என்று வந்தது. பூ வியாபாரி கொஞ்சமும் யோசிக்காமல், "லிட்டில் ஃபார்" என்றார். எனக்கு அடுத்து வந்த ஐந்து பேரும் இஸ் இட் ஃபார் என்றே கேட்டார்கள். டீச்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டது. பிறகு, "காலையில எங்கம்மாவும் என்கிட்ட தூரமான்னுதான் கேட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தது.

படித்ததைக் கிளினிக்கிலும் பழகிப் பார்ப்போம் என்று ஒருநாள் மேஜையில் ஆரம்பித்தேன். திருவேங்கடத்திலிருந்து முதுகுவலிக்கு வந்த ஒருத்தியிடம், "உங்க பேரு என்னன்னு கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்று தமிழிலேயே மெதுவாகக் கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, ரிப்போர்ட்ல ஏதும் இருக்கா? பெரிய சீக்கா?" என்றாள்.

"ரிப்போர்ட்டே இன்னும் வரலியே."

"பிறகு ஏன் இப்படி மெதுவாப் பேசுதீங்க?"

"ஏட்டி, ஒண்ணும் இல்ல. போய் உக்காரு அங்கன!" என்று கத்தினேன். நிம்மதியாகப் போய் உட்கார்ந்தாள். அன்றோடு மேஜையில் மரியாதை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பேசுவதென்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. வீடு அமைதியாக இருந்தது. பதினாறு கேள்வி எழுதி, டீச்சரிடம் காட்டித் திருத்தி வைத்திருந்தேன். நல்ல சேலை கட்டிக்கொண்டேன். வீடியோ வேண்டாம், வெறும் போன்தான் என்று அவர்கள் சொல்லியிருந்தும் கட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த அம்மாவின் குரல் மெல்லிசு. நின்று நின்று பேசினார். "ஹலோ, நமஸ்கார்" என்றார். நான் வணக்கம் சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தேன்.

"மே ஐ நோ ஹவ் இஸ் யுவர் ஹெல்த்?"

"ஹெல்த் ஓகே. நீ பெயின்."

முட்டுவலி. எனக்குத் தெரிந்த விஷயம். எந்த முட்டு, படி ஏறும்போதா, இறங்கும்போதா என்று கேட்டேன். அடுத்து, உங்கள் பக்கம் மழை உண்டா என்று கேட்டேன். "டூ மச்" என்றார். நெல் எப்படி, வீட்டில் பசு உண்டா, பிரயாணம் ஒத்துக்கொள்ளுமா, கோவில் பக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மே ஐ, குட் யூ. ஒரு இடத்திலும் திக்கவில்லை. அவர் சொன்ன பதிலில் பாதி எனக்குப் புரியவில்லை, அது வேறு. கடைசியில் அவர், "எனிதிங் யூ வாண்ட் ஆஸ்க்?" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும் அதையே கேட்டார். "நோ, நோ. ஆல் ஓகே. வீ வில் ஸ்பீக்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வேர்த்துக் கொட்டியிருந்தது. வீட்டுக்காரர் எழுந்துபோய் அவரே காபி போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எண்ணி நாலு தடவை நடந்திருக்கும் அது. "எப்படிப் பேசினேன்?" என்றேன். "கலெக்டர் மாதிரி பேசின" என்றார். அன்று மத்தியானம் ஊரில் பேர் போன பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம்.

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். "எம்மா, என்னம்மா செஞ்சு வச்சிருக்க?"

"ஏலே, என்ன செஞ்சேன்? பதினாறு கேள்வி கேட்டிருக்கேன்."

"பொண்ணக் கேட்டியா?"

எனக்கு விளங்கவில்லை. "அதை எப்படிலே முதல் பேச்சிலேயே கேப்பாங்க?" என்றேன்.

அவன் சொன்னான். அங்கே அந்த அப்பாவும் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நாற்பது நிமிஷம் மழையைக் கேட்டார்கள், முட்டுவலியைக் கேட்டார்கள், நம் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை, நீயே இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், பையனின் அம்மாவுக்கு இதில் விருப்பம் இல்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டாராம். அவர் மனைவி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். புவனேஸ்வர்காரர்களை அடுத்த வாரம் வரச் சொல்லலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது.

நான் செய்தது என்ன தப்பு என்று எனக்குப் புரிந்துகொள்ளவே நேரம் பிடித்தது. எங்கள் பக்கத்தில் பெண் கேட்கப் போனால் பெண்ணைக் கேட்கவே மாட்டோம். என் தம்பிக்குப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். இந்தப் பக்கம் ஒரு சோலியாக வந்தோம் என்று சொல்லித்தான் உள்ளே போனோம். கண்மாயில் தண்ணீர் உண்டா, பருத்தி எப்படி என்று ஒரு மணி நேரம் பேச்சு. தண்ணீர் வந்தது, காபி வந்தது. கிளம்பும்போது கூட வந்த பெரியவர், "பிள்ளைக்குப் பாக்க ஆரம்பிச்சாச்சா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு வார்த்தை விட்டார். அவ்வளவுதான். விருப்பம் இருந்தால் சொல்லி அனுப்புவார்கள். இல்லையென்றால், இன்னும் ஜாதகமே எடுக்கவில்லை என்பார்கள். இல்லை என்கிற சொல் கேட்கிறவர் காதில் விழக்கூடாது, சொல்கிறவர் வாயிலும் வரக்கூடாது. அதற்காகத்தான் இத்தனை சுற்று. அந்த அம்மாவிடம் நான் மழையைக் கேட்டது மழைக்காகவா? உன் பிள்ளையைத் தா என்றுதான் நாற்பது நிமிஷமும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒடிசாவில் உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு அது எப்படித் தெரியும்?

அப்போது இதையெல்லாம் மகனிடம் சொல்லவில்லை. "உனக்காக ஒண்ணரை மாசம் மாடி ஏறி இறங்கியிருக்கேன், என்னையா கேள்வி கேக்கே?" என்று கத்தினேன். அவனும் கத்தினான். அவன் என்னிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. "எனக்கு இருந்த ஒரே வழி நீதாம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

பயந்துபோனேன். என் பிள்ளையின் வாழ்க்கையை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனே. வீட்டுக்காரர், "டோக்கன் மேசையில கேக்க மாதிரி கேட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

மறுநாள் மத்தியானம் சாப்பிடாமல் மாடி ஏறினேன். "டீச்சர், ஒரே ஒரு கேள்விதான் வேணும். பொண்ணு தாரீங்களான்னு கேக்கணும்" என்றேன். டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்துப் போர்டில் ஒன்றை எழுதியது. இரண்டு வரி நீளம். 'கருணை கூர்ந்து தாங்கள் பரிசீலிக்க இயலுமா' என்பது போல் வந்தது.

"மனு எழுதுத மாதிரில்லா இருக்கு. குறைங்க."

இன்னொன்று எழுதியது. அதையும் குறைக்கச் சொன்னேன். கடைசியில் நின்றது இதுதான்: வில் யூ ப்ளீஸ் கிவ் யுவர் டாட்டர் டு அவர் ஹவுஸ்?

"கிவ்வுனு சொன்னா ஏதோ பொருளைக் கேக்க மாதிரி இருக்கே ஆன்ட்டி" என்றது டீச்சர்.

"தாரீங்களான்னுதான் நாங்க கேப்போம். கிவ்வே இருக்கட்டும்."

"சரி. கேட்டுட்டுச் சும்மா இருக்கணும். அவங்க பதில் சொல்லுத வரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும். நீங்க ஆளைப் பேச விடமாட்டீங்க."

இந்தப் பிள்ளை எங்கள் கிளினிக்குக்கு எப்போதோ வந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பக்கம் பிள்ளை அழுது கெஞ்சி, இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்மதம் வாங்கியது. இதுதான் கடைசி என்று அப்பா சொல்லிவிட்டாராம். இந்தத் தடவை நான் நோட்டை எடுக்கவில்லை. வீட்டுச் சேலையோடு உட்கார்ந்தேன். நேராகக் கேட்டால் நேராகவே இல்லை என்றும் வரலாம். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு என் பிள்ளைக்குப் போன் செய்ய வேண்டும். அதை நினைத்தால் மழையையே கேட்டுவிடலாம் போல இருந்தது.

"ஹலோ" என்றார் அந்த அம்மா. போன தடவை இருந்த நமஸ்கார் இல்லை.

வணக்கம் சொன்னேன். மூச்சு விடாமல், "வில் யூ ப்ளீஸ் கிவ் யுவர் டாட்டர் டு அவர் ஹவுஸ்?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதா என்று போனை எடுத்துப் பார்த்தேன், போகவில்லை. அங்கே ஒரு ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. ஹவ் இஸ் யுவர் நீ பெயின் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். வாழ்நாளில் நான் ஒருவருடைய பதிலுக்காக அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

"வெயிட்" என்றார் அவர். "ஐ ஹேவ் கொஸ்டின்."

காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அவரும் எழுதி வைத்திருக்கிறார். யாரிடமோ படித்தும் இருக்கிறார்! எனக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது.

"மே ஐ நோ, யுவர் ஹவுஸ், எவ்ரி டே ரைஸ்?"

"எவ்ரி டே ரைஸ்."

"ஃபிஷ்?"

"சண்டே சிக்கன். ஃபிஷ், ஐ வில் லேர்ன்."

"ஷீ கேன் கோ ஜாப்?"

"ஐ ஆம் கோயிங் ஜாப். ஷீ ஆல்ஸோ கோ."

இப்படி ஏழெட்டு. பிறகு காகிதத்தை மடித்து வைக்கிற சத்தம். "ஒன் மோர். நாட் இன் பேப்பர்" என்றார். அதற்கப்புறம் வந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "யுவர் சன் டெல்லிங் மை டாட்டர். யூ ஷவுட். ஹாஸ்பிடல், ஆல் பீப்பிள், யூ ஷவுட். மை டாட்டர், யூ வில் ஷவுட்?"

என் பிள்ளை அந்த நிமிஷம் கையில் கிடைத்திருந்தால் நாலு சாத்து சாத்தியிருப்பேன். போயும் போயும் இதையா சொல்லி வைப்பான்? நோ நோ என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. அந்த அப்பாவும் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் நடுவில் யாரும் வேண்டாம் என்று இந்த அம்மா சொன்னதே, பொய் வந்துவிடக் கூடாது என்பதற்குத்தானே? அதற்காகத்தானே இந்த வயதில் இரண்டு பேரும் இப்படிக் கிடந்து மல்லுக்கட்டுகிறோம்?

"எஸ்" என்றேன். "ஐ வில் ஷவுட். மை சன், ஐ ஷவுட். மை ஹஸ்பண்ட், ஐ ஷவுட். ஷவுட், தென் ஃபினிஷ். நோ கீப் இன் ஹார்ட்."

வீட்டுக்காரருக்கு ஷவுட் மட்டும் புரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் மறுபடியும் ஃபேன் சத்தம். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மகனிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

"ஐ ஆல்ஸோ ஷவுட்" என்றார் அந்த அம்மா.

"யூ?"

"ஐ. ஷீ ஸ்மால் பேபி, ஐ ஷவுட். ஷீ ஸ்கூல், ஐ ஷவுட். நவ் பெங்களூர், எவ்ரி டே போன், ஐ ஷவுட். நாட் ஈட்டிங், ஐ ஷவுட். லேட் ஸ்லீப், ஐ ஷவுட்." குரல் கம்மியது. யாரோ அவரிடம் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார்கள். அந்த அப்பாவாக இருக்கும். இவர் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் கேட்டார். படித்ததை எல்லாம் ஞாபகப்படுத்தி, ஒரு சொல்லும் தப்பிவிடாமல், மெதுவாகக் கேட்டார்.

"ஆஃப்டர் மேரேஜ், ஷீ யுவர் ஹவுஸ். ப்ளீஸ், மே ஐ ஷவுட் மை டாட்டர்?"

"அம்மா, நோ ப்ளீஸ்" என்றேன். "நோ மே ஐ. யுவர் டாட்டர். எனி டைம் ஷவுட். மை ஹவுஸ் கம், ஷவுட்."

அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஓகே. ஐ கிவ்" என்றார். போன் அணைந்தது.

நான் போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரர் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இல்லன்னுட்டாங்களா?"

"தாராங்க."

"பிறகு எதுக்குட்டி அழுத?"

"பெத்த பிள்ளைய ஏசுததுக்கு என்கிட்ட அனுமதி கேக்காங்கங்க" என்றேன்.